நுரை அடங்கிய பிறகு

வெள்ளாவி முதல் வேக்குவம் வரை – 9

செம்பூர், மாட்டுங்கா அடுக்ககங்களில் கம்பளம் கழுவ ஆள் கூப்பிடுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. கழுவிய அன்று புதுசு போல இருந்தது, ஒரு மாதம்கூட ஆகவில்லை, முன்னைவிட அதிகமாகக் கறுத்துவிட்டது. கால் படும் இடமெல்லாம் பிசுபிசுக்கிறது. பழியை மும்பைத் தூசியின்மேல் போட்டுவிடுகிறோம். தூசிக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அந்தத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்வது, கழுவியபோது உள்ளே தங்கிவிட்ட சோப்பு.

சலவைப் பொருளின் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒன்று எண்ணெய்ப் பசையோடு ஒட்டும். மற்றது தண்ணீரோடு போகும். அழுக்கை இழையிலிருந்து பெயர்ப்பது இந்தக் குணம்தான். தண்ணீர் வற்றி, மூலக்கூறு இழையிலேயே தங்கிவிட்டால் அதே குணம் எதிரியாகிறது. சமையலறையிலிருந்து வரும் எண்ணெய்ப்புகை, பாதத்து வியர்வை, வாசலிலிருந்து வரும் புழுதி எல்லாவற்றையும் அது பிடித்துவைக்கும்.

துணிக்கு இந்தச் சிக்கல் இல்லை. மகாலட்சுமி தோபி காட்டிலும் தாராவியின் சலவைத் துறையிலும் துணியைத் தொட்டியில் முக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, முறுக்கிப் பிழிந்துவிடுகிறார்கள். தரையோடு ஒட்டிய கம்பளத்தை முக்கவும் முடியாது, முறுக்கவும் முடியாது. உள்ளே போன சோப்பு இயந்திரம் உறிஞ்சுகிற அளவுக்குத்தான் வெளியே வரும். ஆகவே கம்பளத்துக்குச் சோப்பு தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு அழுக்கை எடுக்கும் என்பதைவிட எவ்வளவு சுலபமாக வெளியேறும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

தாராவியிலிருந்து இந்த வேலைக்கு வரும் தம்பிகளிடம் இதைச் சொன்னால், "நொர வந்தாத்தான் அண்ணே பார்ட்டிக்கு நம்பிக்கை வரும்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நுரையைப் பார்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அதனால் கேனில் வாங்கும் திரவம் பெரும்பாலும் நுரைக்காகவே செய்யப்பட்டதாக இருக்கிறது. சின்னத் தயாரிப்பாளர்கள் ஆசிட் சிலரி என்ற சலவை மூலப்பொருளை வாங்கி, காஸ்டிக் சோடாவோ சலவைச்சோடாவோ போட்டு அதன் அமிலத்தைக் கொன்று, நுரைக்கு எஸ்.எல்.இ.எஸ். (சோடியம் லாரெத் சல்பேட்) பசையும், கெட்டியாக்க உப்பும், வாசனையும், நிறமும் சேர்க்கிறார்கள். பாத்திரத்துக்கும் தரைக்கும் அது நல்ல சரக்கு. கம்பளத்துக்கு அல்ல. எஸ்.எல்.இ.எஸ். காய்ந்தாலும் பசையாகவே இருக்கும்; மும்பையின் ஈரக்காற்றில் இன்னும் இளகும். அதன் உறவுக்காரனான எஸ்.எல்.எஸ். (சோடியம் லாரில் சல்பேட்) காய்ந்தால் பொடியாக உதிரும். வேக்குவம் போட்டால் வந்துவிடும். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கேனை வாங்குவதற்கு முன் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டுக் காயவைத்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடியாக வந்தால் வாங்கலாம். பிசினாக இழுத்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது காரம். 1959இல் இந்துஸ்தான் லீவர் சர்ஃப் தூளைக் கொண்டுவந்தது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தொடங்கினார். சலவைச்சோடா தூக்கலான அந்த மலிவுத்தூள் ஏழை வீட்டுப் பருத்தித் துணியை வெளுக்க வைத்தது பெரிய காரியம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பழக்கத்தில் எல்லாத் துணிக்கும் சோடாத்தூள் போதும் என்ற எண்ணம் ஊறிப்போனது. சலவைச்சோடாக் கரைசலின் பிஎச் 11ஐத் தொடும். பிஎச் கணக்கில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், 8க்கும் 10க்கும் இடையே காரம் நூறு மடங்கு ஏறுகிறது. பருத்தி தாங்கும். பாலிப்ரொப்பிலீன் என்ற செயற்கை இழையும் தாங்கும். கம்பளி தாங்காது. அது நம் தலைமுடியைப் போலக் கெரட்டின் என்ற புரதம். காரம் அதன் கந்தகப் பிணைப்புகளை அறுத்துவிடும். இழை மஞ்சளாகும், சொரசொரக்கும், பிறகு உதிரும். பிளீச்சிங் தண்ணீர் பட்டால் கம்பளி கரைந்தே போகும்.

காஷ்மீர்ச் சால்வைகளைப் பூந்திக்கொட்டை நீரில் அலசும் வழக்கம் இதை அறிந்து உண்டானது. நம் பாட்டிமார்களும் பட்டுக்குப் பூந்திக்கொட்டையைத்தான் எடுத்தார்கள், பருத்திக்கு உவர்மண். புரத இழைக்கு ஒன்று, செடி இழைக்கு வேறொன்று என்று பிரித்த அந்த அறிவைச் சோடாத்தூள் மறக்கடித்ததில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இனி அலசல். வேலை ஒழுங்காக நடக்கும் இடத்தில் முதலில் உலர்ந்த கம்பளத்தை வேக்குவம் போட்டு மண்ணை எடுப்பார்கள். இதைத் தவிர்த்தால் பின்னால் சேறுதான். பிறகு சலவை மருந்தைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷ் ஓட்டுவார்கள். கடைசியாகத்தான் தண்ணீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சும் இயந்திரம். அப்போது டேங்கில் போக வேண்டியது வெறும் தண்ணீர். "இன்னும் நல்லா வரும்" என்று அதிலும் ஒரு மூடி சோப்பு ஊற்றுகிறவர்கள் அலசவே இல்லை என்று பொருள். ஒரு முறை பீய்ச்சி உறிஞ்சினால், அதே தடத்தில் இரண்டு முறை உறிஞ்ச மட்டும் செய்ய வேண்டும். குழாயில் வரும் நீர் தெளியும்வரை இது நடக்க வேண்டும். கம்பளிக்குக் கொதிநீர் கூடாது. கை பொறுக்கும் சூடு போதும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். மும்பைக்குக் குழாயில் வருவது துளசி, விஹார், தான்சா, பாட்சா போன்ற மழைநீர் ஏரிகளின் தண்ணீர். உப்பு குறைவு, சோப்பு சுலபமாக விடும். கோடையில் குழாய் வறண்டு போர்வெல் தண்ணீரோ டேங்கரோ வரும்போது கதை மாறும். அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாக இழையில் இறங்கும். எவ்வளவு அலசினாலும் போகாது. அந்த நாட்களுக்கென்று முன்பே குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைத்தாவது கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

காரமான மருந்து போட்டிருந்தால், கடைசித் தண்ணீரில் மளிகைக்கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தைச் சிறிது கரைக்கலாம். காரம் முறியும். ஈரம் அதிகமாகிச் சணல் அடித்துணியிலிருந்து மேலே ஏறும் பழுப்புக் கறையும் தடைபடும். அளவைக் குத்துமதிப்பாகப் போடாமல், அலசிய கம்பளத்தின்மேல் பிஎச் காகிதத்தை அழுத்திப் பாருங்கள், கம்பளிக்கு 5.5 முதல் 7 வரை இருந்தால் சரி. பிளீச்சிங் பட்ட இடத்தில் மட்டும் இதை ஊற்றக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

நம் வீடுகளிலும் பஜனைக் கூடங்களிலும் விரிக்கும் பவானி ஜமக்காளம் பருத்தி என்பதால் காரத்துக்குப் பயமில்லை, சாயத்துக்குத்தான் பயம். ஈர வெள்ளைத்துணியை ஓரத்தில் அழுத்தி, சிவப்பு ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கி, 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஐ.சி.டி. (வேதித் தொழில்நுட்ப நிறுவனம்) மாட்டுங்காவில் இருக்கிறது. சோப்பு, சலவைப் பொருள்களின் வேதியியலுக்கு அங்கே தனித் துறையே உண்டு. தாராவி அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். மாலை வேளையில், இந்தியிலும் தமிழிலும், கம்பளம் கழுவும் பிள்ளைகளுக்கு ஒரு வாரப் பயிற்சி நடத்தினால் எவ்வளவோ கம்பளங்கள் பிழைக்கும். அவர்கள் கைகளும் பிழைக்கும். சோடாவில் வெந்து விரலிடுக்கு வெடித்தபடி, கையுறை இல்லாமல் வேலை செய்கிறவர்களை இந்த ஊரில் எங்கும் பார்க்கலாம்.

கூலி பேசும்போது நாமும் ஒன்று செய்ய வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று அடித்துப் பேசினால், குறைவது அலசும் நேரம்தான். சோப்புப் போடும் பகுதியை எல்லோரும் பார்க்கிறோம், அலசலை யாரும் நின்று பார்ப்பதில்லை. அதற்கென்று அரை மணி நேரக் கூலியைச் சேர்த்துக் கொடுங்கள். கம்பளம் காய்ந்த பிறகு ஓரத்தில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் விட்டுத் தேயுங்கள். நுரைத்தால், கூப்பிட்டு இன்னொரு முறை வெறும் தண்ணீரில் அலசச் சொல்லலாம்.

ஜூலை மழையில் இதே வேலையைச் செய்தால் கம்பளம் எப்போது காயும், பூஞ்சை எத்தனை நாளில் வரும் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.