வெடிப்பில் இறங்கும் மழை
மண்ணடி நீர் – 7

போட்டது அம்மோனியம், வடிந்தது நைட்ரேட். லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பென்டனில் உள்ள ராதம்ஸ்டெட் பண்ணையில் 1860-களில் அகஸ்டஸ் வோல்க்கர் கண்டது இதைத்தான். உர ஆலை முதலாளி ஜான் பென்னட் லாஸும் வேதியியலர் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டும் 1843-இல் அங்கே கோதுமை வயலில் உரச் சோதனையைத் தொடங்கியிருந்தார்கள். 1849-இல் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அடியில் வடிகுழாய் புதைக்கப்பட்டது. அம்மோனிய உப்பைக் கூட்டிப் போட்ட நிலத்தின் வடிநீரில் நைட்ரேட்டும் கூடியிருந்தது.

களிமண் துகளின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. நேர்மின்னேற்றமுள்ள அம்மோனியத்தை அது பிடித்து வைக்கும். நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றிவிட்டாலோ பிடி விட்டுப்போகும். நைட்ரேட்டும் எதிர்மின்னேற்றமுள்ளது, தண்ணீர் போகும் வழியெல்லாம் அதுவும் போகும்.

அப்படியானால் மழை எவ்வளவோ, இழப்பும் அவ்வளவுதானா?

1870-இல் லாஸும் கில்பர்ட்டும் மூன்று மண் கட்டங்களைக் கலைக்காமல் அப்படியே விட்டு, சுற்றிலும் செங்கல் சுவர் எழுப்பி, அடியில் வடிநீரைப் பிடித்தார்கள். ஆழம் 20, 40, 60 அங்குலம். பயிரும் இல்லை, உரமும் இல்லை. ஆனாலும் நைட்ரேட் வடிந்துகொண்டே இருந்தது. மண்ணிலிருந்த மட்கு சிதைந்து அதைக் கொடுத்தது.

ராபர்ட் வாரிங்டனும் சேர்ந்து 1882-இல் வெளியிட்ட ஆய்வு வடிநீரை இரண்டாகப் பிரித்தது. ஒன்று, மண்ணின் திறந்த வழிகளில் அவ்வளவாக மாறாமல் நேரே இறங்கும் மழைநீர். மற்றொன்று, நனைந்து நிறைந்த மண்ணின் நுண்துளைகளிலிருந்து கசிவது. வெடிப்பு, மண்புழுத் துளை, மட்கிய வேரின் தடம் எல்லாமே திறந்த வழிகள்தாம்.

விஷயமே இங்குதான் திரும்புகிறது. நைட்ரேட் மண்கட்டிக்குள் ஊறியிருந்தால், வெடிப்பில் பாயும் மழை அதைத் தொடாமலே கடந்துவிடும், சத்து தப்பிக்கும். நேற்றுத்தான் தூவிய நைட்ரேட் உரம் மேலேயே கிடந்தால், அதே வெடிப்பு ஒரே கனமழையில் அதை வேருக்கு எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். மணற்பாங்கான நிலத்தில் இந்தப் பாதுகாப்பு குறைவு. அங்கே புதிய மழை, மண்ணில் இருக்கும் நீரை நைட்ரேட்டோடு சேர்த்துக் கீழே தள்ளும்.

பருவமும் முக்கியம். 1976 கோடையில் இங்கிலாந்து வறண்டது. பயிர் உறிஞ்சாத நைட்ரேட் மண்ணிலேயே தங்கியது. இலையுதிர்கால மழை வந்ததும் அது ஆறுகளில் இறங்கியது. அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமையாக விடாமல், மிச்ச நைட்ரேட்டை உறிஞ்சும் மூடுபயிர் விதைக்கச் சொல்வது இதனால்தான். உரத்தை ஒரே தவணையில் கொட்டாமல் பயிரின் தேவைக்கேற்பப் பிரித்துப் போடச் சொல்வதும் இதற்காகவே.

வேரைத் தாண்டிய நைட்ரேட் நிலத்தடி நீரைச் சேர எவ்வளவு காலம் ஆகும் என்பதைக் கீழே உள்ள பாறை தீர்மானிக்கிறது. தென் இங்கிலாந்தின் வெண்சுண்ணப் பாறையில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் நகரும். குடைவுகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை என்றால் கணக்கே வேறு. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் செம்மண், அடியில் அப்படியொரு பாறை, அதிலேயே குடிநீர்க் கிணறுகள்: அடுத்த வாரம் யாழ்ப்பாணம்.

(தொடரும்)