முறை சொல்லி அழைத்த லயங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள் ஒருவருக்கொருவர் கொண்டிருந்த நெருக்கத்தைச் சொல்லக் கையாண்ட சொற்களைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை மனத்தின் நெகிழ்ச்சியைவிட, ஒருவர் மற்றவருக்குச் செய்ய வேண்டிய கடமையையே சுட்டுவது தெரியும். அன்பு, பரிவு, கேண்மை முதலிய ஏட்டுச் சொற்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக அடுத்தடுத்துக் குடியிருந்த வீடுகளில், அரிதாகவே ஒலித்தன; முறை, பழக்கம், கூட்டு, நல்லது கெட்டது ஆகியவையே அங்கே அன்றாடம் புழங்கின.

இவற்றுள் தலையாயது முறை. தொடக்கக் காலத்தில் ஆள் சேர்த்து வந்த கங்காணி தன் ஊராரையும் உறவினரையுமே பெரிதும் அழைத்து வந்ததால், ஒரே லயத்தில் மெய்யான அண்ணன் தம்பிகளும் மாமன் மச்சான்களும் இருந்தனர். பின்னர் வெவ்வேறு ஊர்க்காரர்கள் கலந்தனர்; 1938இல், பயண உதவியுடன் மலாயாவுக்கு நடந்த தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு தடை செய்த பிறகு ஊரிலிருந்து உறவினர் வந்து சேர்வதும் அருகியது. அந்நிலையில் அண்டை வீட்டாரையே உறவாக்கிக்கொள்வது தேவையாயிற்று. புதிதாகக் குடிவந்தவரின் ஊரையும் வயதையும் விசாரித்து, அண்ணன் என்றோ மாமா என்றோ ஒரு முறை வைத்துவிடுவார்கள். அண்ணன் என்று அழைத்த மறுகணமே அவர் மனைவி அண்ணியாகவும், அவர் தங்கை தனக்கும் தங்கையாகவும், அவர் பிள்ளைகளுக்குத் தான் சித்தப்பாவாகவும் ஆக வேண்டியிருக்கிறது. மாமா என்று அழைத்தாலோ அவருடைய மகள் முறைப்பெண் ஆகிவிடுகிறாள். ஒரே ஒரு விளிச்சொல், யாரோடு கேலி பேசலாம், யாரைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது என்பவற்றை எல்லாம் வகுத்துவிடுகிறது. தமிழ் உறவுமுறையின் இந்த இலக்கணம் முன்பின் தெரியாத மனிதர்களின்மேலும் அப்படியே பொருந்தியதுதான் வியப்புக்குரியது.

முறைக்கு அடுத்தது பழக்கம். திருக்குறள் நட்புக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நில்லாமல், நெடுநாள் பழகியதால் விளையும் உரிமைக்குப் ‘பழைமை’ என்று தனி அதிகாரமே வகுத்திருக்கிறது. தோட்டத்து வழக்கில் அவ்வுரிமைக்குரியவர்கள் ‘தாயா புள்ளையா பழகினவங்க’, ‘ஒண்ணுமண்ணா இருந்தவங்க’. கேட்காமலே அடுப்படிவரை வருவது அவ்வுரிமையின் ஒரு முகம் என்றால், சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டாத நாளில் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்து சேர்வது அதன் மறுமுகம்.

ஆயினும் இந்த நெருக்கத்தை மிகைப்படுத்துவது நேர்மையாகாது. ‘கை நனைத்தல்’ என்னும் வழக்கு, ஒருவர் வீட்டில் உண்பதைக் குறிப்பது. இன்னார் வீட்டில் கை நனைப்பதில்லை என்று ஒருவர் சொன்னால், அண்ணன் என்று வாயார அழைத்த உறவுக்குள்ளும் சாதி கோடு கிழித்திருந்தது என்பதே பொருள். விளிச்சொல் எளிதாகக் கடந்த எல்லையை இலைச்சோறு கடக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இச்சொற்கள் லயத்தைத் தாண்டிப் பொதுவெளிக்கு வந்தன. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்து இளைஞர்களைத் திரட்டியது; 1947இல் அது காவல்துறையின் அடக்குமுறைக்கு உள்ளானது. சக தொழிலாளியின் குடியை அவனது சொந்தப் பிரச்சினை என்று ஒதுக்காமல் தங்கள் வீட்டுக் காரியமாகவே அவ்விளைஞர்கள் எடுத்துக்கொண்டனர். அந்த உரிமையில் கண்டிப்பும் கலந்திருந்தது. பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு வேலையும் வீடும் பறிபோகத் தொடங்கியபோது, மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந்தோட்டமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம்.

கூட்டுறவில் ஒலிக்கும் கூட்டு என்ற சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. பத்துப் பேர் மாதந்தோறும் ஒரே தொகையைப் போட, திரண்ட பணத்தை மாதம் ஒருவராக எடுத்துக்கொள்ளும் சீட்டுக்கு மலேசியத் தமிழர் இட்ட பெயர் கூட்டு. மலாய்க்காரர்களும் அதைச் சற்றே திரித்துக் ‘குத்து’ என்கின்றனர். கூட்டாளி என்றால் மலேசியத் தமிழில் வணிகப் பங்காளி மட்டுமல்லன், நண்பனும்கூட. தோழன் என்பதும் மலாயில் ‘தவுலான்’ ஆகி நிலைத்துவிட்டது. மச்சான் ‘மச்சா’ எனச் சுருங்கி, இன்று மலாய், சீன இளைஞர்களின் வாயிலும் புழங்குகிறது. ஆனால் அப்படி அழைப்பவருக்கு முறைப்பெண்ணும் இல்லை, சீர் செய்யும் கடமையும் இல்லை.

கூட்டை ஒரு தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆள் தலைமறைவானால் பணம் போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. லயத்தில் அந்த அச்சத்துக்கு அவ்வளவாக இடமிருந்ததில்லை: பணம் எடுத்தவரும் மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்து நின்றாக வேண்டும். சுங்கைப்பட்டாணி, கூலிம் நகர்களின் தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், பெரட்டு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் எப்போது வீடு மாற்றிப் போவார் என்பதும் தெரியாது. அங்கே கூட்டுப் போடும் பெண்கள் முதலில் விசாரிப்பது, சேர வருபவர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதைத்தான்.