கடலோடியின் கைவானொலி

நிலாக் காலத்திலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவி நீரில் அமிழ்த்தி, மறுநுனியைச் செவியோடு சேர்த்து மீன்பாட்டுக் கேட்டவர் நம்மிற் பலர். வெறுஞ்செவிக்கு எட்டாததை எட்டச் செய்யும் கருவி அத்துடுப்பு. வானிற் பரந்து செல்லும் மின்காந்த அலையிற் பொதிந்த சொல்லை நமக்கு எட்டச் செய்யும் கருவி வானொலி. கடலோடிகள் கையிற் கொண்டு செல்லும் சிறு வானொலியைப் பற்றிச் சில கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அதன் தேவையை நம் கரையார்க்கு விரித்துரைத்தல் வேண்டா. 1978 நவெம்பர் 23 ஆம் நாட் சூறாவளியை முதியோர் மறந்திலர். 2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அண்மையிற் கடலடி நிலம் நடுங்கிய பின்னர், ஆழிப்பேரலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. வானொலி அலையோ விநாடிக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் செல்வது. அலையை முந்தக்கூடிய செய்தி அன்று நம்மிடம் வந்து சேரவில்லை. கல்லடியும் நாவலடியும் இழந்த உயிர்கள் அதற்குச் சான்று.

கைவானொலி மீயுயர் அதிர்வெண்ணில் இயங்குவது. அதன் வலு பெரும்பாலும் 5 அல்லது 6 வாற்று. இவ்வலைகள் நேர்கோட்டிற் செல்வன; பூமியின் வளைவு அவற்றை மறைக்கும். ஆதலால் எட்டும் தூரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது உயரமே. நீர்மட்டத்திலிருந்து 2 மீற்றர் உயரத்திற் கருவியைப் பிடித்த இரு தோணியார் பேசக்கூடிய எல்லை, கணக்கின்படி ஏறத்தாழ 12 கிலோமீற்றர். நடைமுறையில் இன்னும் குறையும். கரையில் 30 மீற்றர்க் கம்பத்தில் அலைவாங்கி இருப்பின் அவ்வெல்லை 28 கிலோமீற்றர் வரை நீளும்.

கைத்தொலைபேசியில் ஒருவர் பேச ஒருவரே கேட்பர். இதிலோ ஒருவர் அழைக்க, அயலிலுள்ளோர் அனைவரும் கேட்பர். அதற்கென உலகெங்கும் ஒதுக்கப்பட்டது 16 ஆம் அலைவரிசை (156.8 மெகாஹேட்ஸ்). அதில் அழைத்து, மறுமொழி பெற்றதும் வேறோர் அலைவரிசைக்கு மாறிப் பேசுதல் முறை. பொத்தானை அழுத்தும்போது பேசலாம், விட்டபின்னரே கேட்கலாம். உயிராபத்து நேரின் 'மேடே' என மும்முறை கூறி, வள்ளத்தின் பெயர், நிற்கும் இடம், நேர்ந்த ஆபத்து, உள்ளோர் தொகை ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். விளையாட்டாக அவ்வலைவரிசையை அடைத்துப் பேசுவோன், பிறனொருவன் அபயக்குரலின் வாயைப் பொத்துகின்றான்.

வானிலை பற்றி ஓர் எச்சரிக்கை. சில கருவிகளிற் காணப்படும் வானிலை அலைவரிசைகள் வட அமெரிக்கக் கரைகளுக்கு உரியன. இங்கே அவற்றைத் திருப்பிக் காத்திருத்தல் வீண். நம் வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பிரதேசங்களுக்கென வெளியிடும் அறிக்கையைப் புறப்படுமுன்னரே கேட்டறிதல் வேண்டும். கரையிலிருப்போர் பின்னர் வரும் எச்சரிக்கையைக் கடலிலுள்ளோர்க்கு அறிவிக்கவும், ஒரு வள்ளத்தார் கேட்டதை அப்பாலுள்ள வள்ளத்தார்க்குச் சொல்லவும் கைவானொலி உதவும். உரிய அனுமதி பெறுதலும், மின்கலத்தை நிரப்பி வைத்தலும், நீர்புகாக் கருவியேயாயினும் கயிற்றாற் பிணைத்து வைத்தலும் மறக்கத்தக்கன அல்ல.

கருவியை வாங்குதல் எளிது. அதனைத் திறந்து வைத்துச் செவி கொடுத்திருக்கும் பழக்கமே அரிது. கடற்றொழில் செய்யும் குடும்பங்களிலிருந்து வரும் நம் மாணவர்க்கு அழைப்பு முறையை ஒரு மாலைப் பொழுதிற் பயிற்றிவிடலாம். கடலறிந்த பழைய மாணவர் எவரேனும் அதற்கு முன்வருவாராயின், இவ்விழாவின் பயன் அலைவாய்க் கரைவரை சென்று சேரும்.