பழுது படத்திலா, பாதையிலா?

பழைய கணினியிலிருந்த குடும்பப் படங்களைப் புதிய கணினிக்குப் பிரதி செய்தபோது, கோப்பின் பெயர் மிக நீளம் என்று அறிவித்தல் வந்தது. “உம்மும்மாவின் படங்கள் பழுதாகிவிட்டனவா?” என்று உம்மா பதறினார். படங்களில் பழுதில்லை, அவற்றின் முகவரிதான் நீண்டுவிட்டது.

டிரைவின் எழுத்து முதல் கோப்பின் பெயர் வரையான முழு முகவரியும் 260 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்பது விண்டோஸின் வழமையான எல்லை. கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கினால் எல்லாப் பெயர்களும் கூட்டப்படும். தமிழ்ப் பெயர்கள் இன்னும் விரைவாக இடத்தை நிரப்பும். ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து. ‘மி’யின் விசிறியும் ‘ழ்’இன் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும்.

அறிவித்தல் வந்தால் ‘ஸ்கிப்’ பொத்தானை அழுத்தாதீர்கள். மற்றவை பிரதியாகும், அந்தக் கோப்புகள் மட்டும் விடுபடும். வெளிக் கோப்புறைகளின் பெயர்களைச் சுருக்குங்கள். அல்லது டிரைவைத் திறந்ததும் தெரியும் இடத்திலேயே ‘படம்’ என்றொரு கோப்புறை அமைத்து அதற்குள் பிரதி செய்யுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். விண்டோஸிலேயே உள்ள ‘ரோபோகாப்பி’ கட்டளையும் நீண்ட முகவரிகளைக் கையாளும்.

இறுதியாக, இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கை சமமா என்று பாருங்கள். அதன் பின்னரே பழையதை அழியுங்கள்.