குருத்தணுவில் தங்கிவிடும் பழுது

திருப்பூர் மாவட்டத்தில் பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் உள்ள குண்டடமும் அதைச் சுற்றிய சிற்றூர்களும் மழையை நம்பிய மானாவாரி நிலங்களைக் கொண்டவை; வெள்ளாமை கைகொடுக்காத காலங்களில் இவ்வூர்க் குடும்பங்களைத் தாங்கி நிற்பவற்றுள் பனியன் கம்பெனிகளும் நூற்பாலைகளும் சாயப்பட்டறைகளும் முதன்மையானவை. சாயத்தின் தீங்கைப் பற்றி இப்பகுதியில் பேச்செழும்போதெல்லாம் நொய்யல் ஆறும், சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையும், கழிவுநீர் சிறிதும் வெளியேறாத நிலையை எட்டும்வரை பட்டறைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட ஆணையுமே முன்னால் வந்து நிற்கின்றன. சாயம் ஆற்றுக்குள் சென்ற வழி இவ்வளவு பேசப்பட்டிருக்க, சாயத்தொழிலின் சில வேதிப்பொருள்கள் தொழிலாளியின் உடலுக்குள் செல்லும் வழியும், அங்கே பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும் முறையும் அதே அளவு கவனத்தைப் பெறவில்லை.

அந்த வழியை முதலில் கண்டறிந்தவர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் லூத்விக் ரேன். ஃபூக்சின் என்னும் செஞ்சாயம் தயாரிக்கும் ஆலையின் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றியதை அவர் 1895-இல் மருத்துவ உலகிற்கு அறிவித்தார். 1954-இல் பிரிட்டனில் ராபர்ட் கேஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, இக்கட்டிகளுக்குக் காரணம் பென்சிடின், பீட்டா-நாஃப்தைலமின் முதலிய நறுமண அமீன்கள், அதாவது சாயத் தயாரிப்பில் பயன்படும் ஒருவகைக் கரிமச் சேர்மங்கள் என்பதை உறுதிப்படுத்தியதோடு, அவற்றைத் தொட்டு வேலை செய்யத் தொடங்கியதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழிவதையும் காட்டியது.

இந்த நீண்ட இடைவெளி ஒரு கேள்வியை எழுப்புகிறது. சிறுநீர்ப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் உயிரணுக்கள் காலப்போக்கில் உதிர்ந்து சிறுநீரோடு வெளியேறுகின்றன. அவற்றின் இடத்தைப் புதியவை பிடிக்கின்றன. வேதிப்பொருளால் பழுதுபட்ட உயிரணுவும் அவ்வாறே உதிர்ந்து போயிருந்தால், வேலையை விட்டு விவசாயத்திற்குத் திரும்பிய ஒருவருக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் நோய் வருவதற்கு இடமே இல்லை. ஆகவே பழுது, உதிராமல் நிலைத்திருக்கும் ஓர் உயிரணுவில் தங்கியிருக்க வேண்டும். அத்தகைய உயிரணுக்களே ஸ்டெம் செல்கள் எனப்படும் குருத்தணுக்கள்.

உதிர்வனவும் நிலைப்பனவும்

உடலின் பெரும்பாலான உயிரணுக்கள் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென முதிர்ந்து, அதைச் செய்து, மடிந்துபோகின்றன. குடலின் உள்வரிப்படலம் சில நாள்களுக்கு ஒருமுறையும் இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள்களுக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படுகின்றன. இந்த ஓயாத ஈடுசெய்தலுக்கு ஊற்றாக இருக்கும் குருத்தணுவுக்கு இரண்டு ஆற்றல்கள் உண்டு: பிளவுறும்போது தன்னைப் போன்ற இன்னொரு குருத்தணுவைத் தோற்றுவித்துத் தன் வரிசையை அறுபடாமல் காப்பது ஒன்று, வெவ்வேறு வேலைகளுக்கென முதிரும் உயிரணுக்களைத் தோற்றுவிப்பது மற்றொன்று. கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னெஸ்ட் மெக்கல்லக் ஆகிய இருவரும் 1961-இல், கதிர்வீச்சுக்கு உட்படுத்திய எலிகளுக்கு எலும்பு மஜ்ஜையைச் செலுத்தி நடத்திய சோதனைகளே இரத்தக் குருத்தணுக்கள் இருப்பதற்கு முதல் திடமான சான்றாயின.

ஓர் உயிரணு புற்றணுவாவதற்குப் பொதுவாக ஒரே ஒரு மரபணுத் திரிபு, அதாவது டி.என்.ஏ.வில் நேரும் நிலையான மாற்றம், போதாது. பல திரிபுகள் ஒரே வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். சில நாள்களில் மடியும் உயிரணுவுக்கு அதற்கான கால அவகாசம் இல்லை. வாழ்நாள் முழுவதும் நிலைத்திருந்து மீண்டும் மீண்டும் பிளவுறும் குருத்தணுவுக்கோ அது தாராளமாக உண்டு. திசுவைக் காப்பதற்கென அமைந்த நீண்ட ஆயுளே, பழுது சேர்வதற்கும் இடமாகிவிடுகிறது.

சிறுநீர்ப்பைக்குள் நடப்பது

பென்சிடினை அடிப்படையாகக் கொண்ட சாயங்கள் தோல் வழியாகவோ, மூச்சில் கலந்த தூள் வழியாகவோ, கழுவாத கையால் உண்ணும் உணவு வழியாகவோ உடலுக்குள் செல்லும்போது, குடல் நுண்ணுயிரிகளும் கல்லீரலின் நொதிகளும் சாயத்தின் மூலக்கூறை உடைத்து, உள்ளிருக்கும் பென்சிடினை விடுவிக்கின்றன. உடலிலிருந்து வெளியேற்றுவதற்காகக் கல்லீரல் அதனை உருமாற்றிச் சிறுநீருக்கு அனுப்புகிறது. ஆனால் அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் அவ்வுருமாற்றம் கலைந்து, டி.என்.ஏ.வுடன் ஒட்டிக்கொள்ளும் வீரியமுள்ள பொருளாக அது மாறுகிறது. சிறுநீர் மணிக்கணக்கில் தேங்கும் பை என்பதால், தீங்கின் பெரும்பங்கு சிறுநீர்ப்பையின் சுவர்மீது விழுகிறது.

அச்சுவரின் உள்வரிப்படலத்தில் சிறுநீரை நேரே தொடும் மேலடுக்கில் அகன்ற குடை உயிரணுக்களும், நடுவில் இடைநிலை உயிரணுக்களும், அடியில் சிறிய அடித்தள உயிரணுக்களும் உள்ளன. இப்படலம் இயல்பாக மிக மெதுவாகவே புதுப்பிக்கப்பட்டாலும், காயம் பட்டவுடன் அடித்தளத்திலுள்ள குருத்தணுக்கள் விரைந்து பிளவுற்றுச் சுவரை மீட்டெடுக்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிலிப் பீச்சி குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இக்குருத்தணுக்களுக்கு நிற அடையாளமிட்டு, புற்றூக்கும் வேதிப்பொருள் ஒன்றைக் குடிநீரில் கலந்து எலிகளுக்குக் கொடுத்தபோது, தசைக்குள் ஊடுருவும் புற்றுகள் அந்த அடித்தளக் குருத்தணுக்களின் வழித்தோன்றல்களாகவே இருந்தன. கட்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, பழுதுபட்ட ஒற்றைக் குருத்தணுவின் வழித்தோன்றல்கள் உள்வரிப்படலத்தின் பெரும்பரப்பைக் கைப்பற்றியிருந்தன. வெளித்தோற்றத்தில் நலமாக இருப்பவரின் உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் என்ன நடந்துகொண்டிருக்கக்கூடும் என்பதை இச்சோதனை தெளிவாக்குகிறது.

கட்டிக்குள்ளும் குருத்தணு

புற்றுநோய் தோன்றியபின்னும் குருத்தணுவின் பங்கு முடிவதில்லை. டொராண்டோவில் ஜான் டிக் குழுவினர் 1994-இல், ஒருவகைக் கடும் இரத்தப் புற்றுநோயின் உயிரணுக்களுள் மிகச் சிறிய பகுதிக்கு மட்டுமே எலியின் உடலில் நோயை மீண்டும் உருவாக்கும் ஆற்றல் இருப்பதைக் காட்டினர். 2003-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்பகப் புற்றிலும் இத்தகைய உயிரணுக்கள் இனங்காணப்பட்டன. புற்றுக் குருத்தணுக்கள் எனப்படும் இவை எல்லாப் புற்றுகளிலும் ஒரே அளவில் அரியவை அல்ல. மெலனோமா என்னும் தோல் புற்றில் நான்கில் ஒரு பங்கு உயிரணுக்கள் புதிய கட்டியைத் தோற்றுவிக்க வல்லவை என 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இக்கருத்து மருத்துவத்திற்கு முக்கியமாவதற்குக் காரணம், கீமோதெரபி மருந்துகள் பெரும்பாலும் வேகமாகப் பிளவுறும் உயிரணுக்களையே தாக்குவதுதான். உறங்கும் நிலையிலுள்ள புற்றுக் குருத்தணு தப்பிவிட்டால், கோரையின் புல்லை அறுத்துக் கிழங்கை மண்ணில் விட்டுவைத்த நிலைமையே மிஞ்சுகிறது. சிறுநீர்ப்பைப் புற்றில் கீமோதெரபியால் மடியும் உயிரணுக்கள் வெளியிடும் ஒரு வேதிச் செய்தியே, உறங்கும் புற்றுக் குருத்தணுக்களைப் பிளவுறத் தூண்டுவதை ஹூஸ்டன் நகரின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் கீத் சான் குழுவினர் எலிகளில் கண்டறிந்தனர். கட்டி சுருங்குவதும் நோய் தீர்வதும் ஒன்றல்ல. மீண்டும் மீண்டும் தலைகாட்டும் இயல்புள்ள சிறுநீர்ப்பைப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள், நலமாக உணர்ந்தாலும் மருத்துவர் குறித்த காலங்களில் கேமரா பரிசோதனைக்குத் தவறாமல் செல்ல வேண்டியதன் காரணமும் இதுவே.

சாயத்தொழில் ஊர்களுக்கு

பருத்தியில் எளிதாக ஏறும் பென்சிடின் வழிச் சாயங்கள், 1884-இல் வந்த காங்கோ சிவப்பு தொடங்கி உலகெங்கும் பரவியவை. இந்திய அரசு 1990-களில் இவற்றையும், தீங்கான அமீன்களை விடுவிக்கும் பிற அசோ சாயங்களையும் தடைசெய்தது. இன்று திருப்பூரின் பருத்தித் துணிகளுக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயங்களே பயன்படுகின்றன. ஏற்றுமதித் துணிகள் தடைசெய்யப்பட்ட அமீன்களுக்கெனச் சோதிக்கவும் படுகின்றன. ஆயினும் துணிக்குக் கிடைக்கும் அந்தச் சோதனை, தடைக்கு முந்தைய காலத்தில் சாயத்தூளை வெறுங்கையால் அள்ளி எடைபோட்டவரின் உடலுக்குக் கிடைப்பதில்லை. தடை வந்த நாளில் அவருடைய குருத்தணுவில் இருந்த பழுது மறைந்துவிடுவதும் இல்லை. பீடி, சிகரெட் புகையிலும் இத்தகைய நறுமண அமீன்கள் உள்ளமையால், புகைபிடிக்கும் பழக்கம் அந்தப் பழுதின்மேல் மேலும் பழுதைச் சேர்க்கிறது.

சிறுநீர்ப்பைப் புற்றின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியில்லாமல் சிறுநீரில் கலந்துவரும் இரத்தம். ஒருமுறை வந்து, தானே நின்று, மாதங்கள் கழித்து மீண்டும் வரக்கூடியது. அதை உடல் சூடு என்று எண்ணி இளநீரும் வெந்தயமும் குடித்துக் காத்திருப்பது, குணப்படுத்தத்தக்க காலத்தை வீணாக்கிவிடும். ஒருமுறை கண்டாலே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சென்றவர் இன்று செய்யும் தொழிலை மட்டுமல்லாது, இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் சாயப்பட்டறையில் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். மருத்துவரும் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சாயத்தூளை எடைபோடும் இடத்தில் முகக்கவசமும் கையுறையும் காற்றோட்டமும், சாப்பிடும் முன் சோப்பிட்டுக் கைகழுவ வசதியும் தருவது பட்டறை நடத்துவோரின் தயவு அல்ல, கடமை. குருத்தணுவில் ஒருமுறை பதிந்த பழுதைத் துடைத்தெடுக்கும் மருந்து இன்று இல்லாததால், அது பதியாமல் தடுக்கும் இடம் பட்டறையின் எடைமேசைதான்.