சிறுநீரக நோயா? ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கலாம்?

"டாக்டர் 120 சொல்றாரு, மெஷின்ல 135 காட்டுது. மருந்தைக் கூட்டணுமா?"

நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அடிக்கடி எழும் சந்தேகம் இது. பதில், எப்படி அளந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

ரத்த அழுத்தம் ஏன் முக்கியம்?

சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டுபவை மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள். அழுத்தம் கூடினால் அவை பழுதாகும். பழுதான சிறுநீரகத்தால் உப்பையும் நீரையும் சரியாக வெளியேற்ற முடியாது. அதனால் அழுத்தம் இன்னும் ஏறும். மாரடைப்பு, பக்கவாத அபாயமும் அதிகரிக்கும்.

120 எப்படி வந்தது?

'கேடிகோ' எனும் அனைத்துலகச் சிறுநீரக அமைப்பு 2012இல் பெரும்பாலோருக்கு 140/90, சிறுநீரில் புரதம் கசிவோருக்கு 130/80 என்று வரம்பு வைத்தது. 2021இல் மேல் எண்ணை 120க்குக் கீழ் வைத்திருக்கப் பரிந்துரைத்தது.

காரணம், 2015இல் வெளியான அமெரிக்காவின் 'ஸ்பிரிண்ட்' ஆய்வு. 9,300க்கும் அதிகமானோர் பங்கேற்றனர். 120ஐ இலக்காகக் கொண்டவர்களிடம் இதயப் பாதிப்புகள் சுமார் கால் பங்கு குறைந்தன. ஆனால் மயக்கம், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை கூடின.

நீரிழிவு நோயாளிகள் அந்த ஆய்வில் இல்லை. சிங்கப்பூரில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முக்கியக் காரணமே நீரிழிவுதான். அதனால் 120 எல்லாருக்கும் பொருந்தும் எனச் சொல்லிவிட முடியாது. டயாலிசிஸ் செய்வோருக்கு இந்த இலக்கு இல்லை. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு 130/80.

எப்படி அளக்க வேண்டும்?

120 என்பது முறையாக அளந்த எண். அவசரமாக எடுத்த அளவு பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும்.

- அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காப்பி, சிகரெட், உடற்பயிற்சி வேண்டாம்
- சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள்
- முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கட்டும். பாதங்கள் தரையில் படட்டும்
- கை இதய உயரத்தில் இருக்கட்டும், பேச வேண்டாம்
- இரண்டு, மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்

என்ன செய்யலாம்?

மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். உப்பை நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள் (5 கிராம்) வைத்திருங்கள்; சோயா சாஸ், உடனடி நூடல்ஸில் உள்ள உப்பும் அதில் சேரும். வலி மாத்திரைகளைக் கேட்காமல் வாங்கிச் சாப்பிட வேண்டாம். சில வகைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

வீட்டில் எடுத்த அளவுகளைக் குறித்துவைத்து, அடுத்த முறை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். "எனக்கு எந்த எண் சரி?" என்று தயங்காமல் கேளுங்கள்.