ஊசி குத்தினால் வயிற்று வலி போகுமா?

மாதவிலக்கு என்றால் வயிறு வலிக்கத்தான் செய்யும். பெண்ணாய்ப் பிறந்தவள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்!

நம் வீடுகளில் இப்படித்தான் சொல்லுகிறார்கள். வலியால் சுருண்டு கிடக்கும் பெண்ணுக்கு ஒரு டம்ளர் சீரகத் தண்ணீரும் இந்தப் புத்திமதியும்தான் கிடைக்கின்றன.

லேசான வலி என்றால் சரி. மாதாமாதம் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போக முடியாமல் படுக்கையில் தள்ளுகிற வலி, சாதாரண வலி அல்ல. அதற்குக் காரணம் ஒரு நோயாக இருக்கலாம். நோயின் பெயர் "எண்டோமெட்ரியோசிஸ்". வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் புரியாத நோய் அல்ல.

இடம் மாறிய சவ்வு

கருப்பையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. மாதாமாதம் அது தடித்து, பிறகு உதிர்ந்து, ரத்தத்தோடு வெளியேறுகிறது. அதுவே மாதவிலக்கு.

சில பெண்களுக்கு இதே மாதிரிச் சவ்வு கருப்பைக்கு வெளியிலும் வளர்ந்துவிடுகிறது. சினைப்பையில் வளரும், குடலின் மேலும் வளரும். அதுவும் மாதாமாதம் தடிக்கும். ரத்தம் கசியும். அந்த ரத்தம் வெளியேற வழி ஏது? உள்ளேயே தங்கும். சுற்றிலும் வீங்கும். உறுப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். வலி உயிரை வாங்கும்! சிலருக்குப் பிள்ளைப்பேறும் தள்ளிப்போகும்.

பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 10 பேருக்கு ஒருவர், உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பிள்ளை பெற்றால் இது தீர்ந்துவிடும் என்பதும் சரியல்ல.

நிருபரின் வயிறு

இந்த வலிக்கு ஊசி குத்திக்கொள்ளலாமா? மருந்து ஏற்றும் ஊசி அல்ல. சீனர்களின் "அக்குபங்சர்" ஊசி. முடியைப் போல மெல்லியது.

1971 ஜூலை. "நியூயார்க் டைம்ஸ்" நிருபர் ஜேம்ஸ் ரெஸ்டன் சீனாவுக்குப் போயிருந்தார். பெக்கிங் நகரில் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. வழக்கமான மயக்க மருந்துதான் கொடுத்தார்கள். மறுநாள் வயிறு உப்பி, சங்கடப்பட்டார். முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி குத்தினார்கள். சங்கடம் குறைந்தது! நிருபர் சும்மா இருப்பாரா? பத்திரிகையில் எழுதிவிட்டார். அமெரிக்கா முழுவதும் அதே பேச்சு.

நம் நாட்டுக்கு இது அதற்கு முன்பே வந்துவிட்டது. சீனாவில் கற்றுவந்த டாக்டர் பிஜய் குமார் பாசு, 1959-ல் கல்கத்தாவில் தொடங்கினார்.

ஊசி குத்தினால் உடம்பே வலியைத் தணிக்கும் "எண்டார்பின்" என்ற பொருளைச் சுரக்கிறது என்று 1970-களில் கண்டார்கள்.

106 பெண்கள்

சீனாவில் இந்த நோயுள்ள 106 பெண்களை இரண்டு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறைப்படி ஊசி. மற்றவர்களுக்குச் சும்மா பெயருக்கு, வேறு இடங்களில் ஊசி. 12 வாரம் இப்படி நடந்தது. முடிவு 2023-ல் வெளிவந்தது. முறைப்படி குத்திக்கொண்டவர்களுக்கு மாதவிலக்கு வலி அதிகமாகக் குறைந்தது. வலிக்கும் நேரமும் சுருங்கியது.

ஆனால் ஊசியை நிறுத்திய பிறகு, அந்தப் பலன் மங்கிவிட்டது!

ஆக, ஊசி வலியைத் தணிக்கிறது. உள்ளே வளர்ந்த சவ்வைக் கரைப்பதில்லை. அதற்கு ஹார்மோன் மாத்திரை உண்டு. தேவைப்பட்டால் ஆபரேஷன் உண்டு. எனவே முதலில் பெண்கள் டாக்டரிடம் காட்டி, ஸ்கேன் எடுத்து, நோய் இதுதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி அதற்கு அப்புறம்.

ஒரே சாலை

வானகரத்துப் பெண்கள் இதற்காக அலைய வேண்டியதில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால் மதுரவாயல், கோயம்பேடு தாண்டி அரும்பாக்கம். அங்கே 2000-ல் தொடங்கிய அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அக்குபங்சர் செய்கிறார்கள். அதே சாலையில் இன்னும் கிழக்கே போனால் எழும்பூர். 1844-ல் தோன்றிய அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. வழியில் முதலில் வருவது அரும்பாக்கம்தான். போக வேண்டியதோ முதலில் எழும்பூர்!

எங்கே ஊசி குத்திக்கொண்டாலும், உங்கள் கண்முன் உறை பிரித்து எடுத்த புது ஊசிதானா என்று பாருங்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாதவிலக்கு வலிக்கு வழக்கமாகக் குத்தும் இடம், உள்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அந்த இடத்தில் குத்துவதை அக்குபங்சர்காரர்கள் தவிர்ப்பார்கள்.